சோளக்கொல்லை பொம்மைக்கு ஒரு போட்டி வைப்போமா?



கூட்டமைப்பு ஆண்டு விழா என்றால் கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், பானை உடைத்தல். இதைத் தாண்டி நாம் யோசிப்பதில்லை. அதனால் இந்த மாதப் பாடத்துக்கு ஒரு புதுப் போட்டியை எடுத்துக்கொண்டோம். காட்டில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறதே, அந்தச் சோளக்கொல்லை பொம்மைதான் நம் பாடம்.

இதைச் சொன்னதுமே ஒரு ஊக்குநர், "ஏக்கா, பொம்மைக்குப் போயி போட்டியா? ஊரே சிரிக்காது?" என்று கேட்டாங்க. சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே ஒரு ஊர் தன் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்த்த கதை ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, இடையிடையே நிறுத்திப் பேசிக்கொள்ளுங்கள்.

கெட்டில்வெல் ஊர்க் கதை

இங்கிலாந்து நாட்டின் வடக்குப் பகுதியில் யார்க்‌ஷயர் என்று ஒரு பெரிய பகுதி. மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும். ஆட்டு மந்தைகளும் கல்லால் கட்டிய வரப்புச் சுவர்களும் அங்கே அதிகம். அதில் வார்ஃப் என்ற ஆற்றங்கரையில் கெட்டில்வெல் என்ற சிறிய கிராமம் உண்டு. மொத்த மக்கள்தொகையே சுமார் 300 பேர்தான். நம் கணக்கில் சொன்னால் ஒரு குக்கிராமம்.

1994ம் ஆண்டு இந்த ஊர்க்காரர்கள் வைக்கோல் பொம்மைத் திருவிழா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர்ப் பொதுக் காரியங்களுக்கு, முக்கியமாக ஊர் ஆரம்பப் பள்ளிக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகஸ்ட் மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை நாட்களில் நடக்கும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வாசலில், தோட்டத்தில், சுவர் மேல், சிலர் கூரை மேலேயே பொம்மை செய்து வைப்பார்கள். பழைய சட்டை, பழைய பேன்ட், வைக்கோல், பழைய பை, இவ்வளவுதான் சாமான். ஆனால் பொம்மை சும்மா நிற்காது. சைக்கிள் ஓட்டும், துணி காயப்போடும், மீன் பிடிக்கும். வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு பார்க்க வருவார்கள்.

பார்க்க வருகிறவர்களிடம் பணம் எப்படி வந்தது? இங்கேதான் அந்த ஊர்க்காரர்களின் சாமர்த்தியம். தெருவில் நடந்து பொம்மை பார்க்க யாரும் டிக்கெட் கேட்க முடியாது, தெரு எல்லோருக்கும் பொது. அதனால் அவர்கள் ஒரு தாள் அச்சடித்து விற்றார்கள். ஊரைச் சுற்றி வருகிற வழியும் விடுகதை போன்ற குறிப்புகளும் அதில் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பொம்மை பொம்மையாகத் தேடிப்போய் விடை கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் விடுவார்களா? "அப்பா, அந்தத் தாளு வாங்கு" என்று அடம் பிடிப்பார்கள். அலைந்துவிட்டு வந்தால் பசிக்கும். ஊர்ப் பொதுக் கூடத்தில் டீயும் பலகாரமும் விற்பனைக்கு இருக்கும். இப்படிச் சேர்ந்த பணம் பள்ளிக்கும், ஊர்க் கூடத்துக்கும், தேவாலயத்துக்கும் போயிற்று.

மூலதனம் என்ன என்று கவனியுங்கள். கடன் வாங்கவில்லை. மானியம் கேட்டு மனு எழுதிக்கொண்டு அலையவில்லை. வீட்டில் கிடந்த கந்தல் துணியும் வைக்கோலும்தான் முதலீடு. இதே மாதிரி இங்கிலாந்தில் இன்னும் பல கிராமங்களில் நடக்கிறது. லங்காஷயர் பகுதியில் ரே என்ற ஊரில் ஒவ்வொரு வருடமும் ஒரு தலைப்பு கொடுத்துவிடுவார்கள், அந்தத் தலைப்புக்கு ஏற்றபடி வீட்டுக்கு வீடு பொம்மை எழும்பும்.

பரிசு பெரிசா, பங்கேற்பு பெரிசா?

போட்டி என்றதும் நமக்கு முதலில் வருகிற கேள்வி, "முதல் பரிசு என்ன? குடமா, குக்கரா?" என்பதுதான். இதில் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். கெட்டில்வெல் ஊரில் பணம் வந்தது ஊரே பொம்மை வைத்ததால். நாலு வீட்டில் மட்டும் ரொம்ப அழகாக வைத்திருந்தால், வெளியூர்க்காரர் கால் மணி நேரத்தில் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பியிருப்பார். சுமாரான பொம்மையும் சேர்ந்துதான் அந்தத் தெருவைப் பார்க்கத் தகுந்த தெருவாக்கியது.

நம் ஊர்ப் போட்டிகளில் என்ன நடக்கிறது? முதல் பரிசு ஒருத்திக்கு, மனத்தாங்கல் பத்துப் பேருக்கு. "அவங்க தலைவிக்குச் சொந்தம்", "நடுவரு அந்தத் தெருக்காரரு" என்ற பேச்சு அடுத்த ஆறு மாதத்துக்கு ஓடும். கோலப் போட்டிக்குப் பிறகு பேச்சுவார்த்தை நின்றுபோன ஓரகத்திகளை நமக்கெல்லாம் தெரியும். அதனால் பெரிய பரிசு ஒன்று வைப்பதைவிட, கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரு சிறு கிண்ணம் கொடுத்துவிட்டு மூன்று பேரின் பெயரை மட்டும் மேடையில் வாசிப்பது நல்லது என்று நினைக்கிறோம். உங்கள் குழுவில் வேறு கருத்து இருந்தால் பேசி முடிவெடுங்கள்.

ஜப்பான் நாட்டிலும் பொம்மைப் போட்டி உண்டு. அங்கே யமகட்டா என்ற மாவட்டத்தில் கமினோயமா என்ற ஊரில் 1971ம் ஆண்டு பொம்மைத் திருவிழா தொடங்கியது. நெல் விளைகிற பகுதி அது. அறுவடை நெருங்கும் செப்டம்பர் மாதத்தில் நூற்றுக்கணக்கான பொம்மைகளை வரிசையாக நிறுத்திப் பரிசு கொடுத்தார்கள்.

பொம்மை நின்ற இடத்தில் முன்பு யார் நின்றார்கள்?

இந்தப் பகுதியைப் பெண் பிள்ளை பெற்றவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

பறவை விரட்டுவது ஒரு காலத்தில் ஆள் செய்த வேலை. அதுவும் பெரிய ஆள் இல்லை. நம் நாட்டில் வள்ளி தினைப்புனம் காத்த கதை எல்லோருக்கும் தெரியும். பரண் மேல் உட்கார்ந்து கவண் கல் எறிந்து, குரல் கொடுத்து, கிளியும் குருவியும் ஓட்டியது பெண் பிள்ளைதான். கதையில் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கிழக்கு வெளுக்கும் முன்னே போய் இருட்டும் வரை வெயிலில் காய்ந்தவளுக்கு அது அழகாக இருந்திருக்குமா?

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1800களில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏழு எட்டு வயதிலேயே காக்கை விரட்டும் வேலைக்குப் போனார்கள். கையில் ஒரு மரக் கிலுக்கு. அதைத் தட்டிக்கொண்டே, கத்திக்கொண்டே வயலைச் சுற்றி வர வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை நின்றால் கூலி சில பென்னிகள். விதைப்புக் காலத்தில் பள்ளிக்கூடம் காலியாகிவிடும். "இன்று இன்னார் வரவில்லை, காக்கை விரட்டப் போய்விட்டான்" என்று வாத்தியார்கள் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1880ல் அங்கே கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் இன்று கந்தல் சட்டை போட்ட பொம்மை நிற்கிறது. அதே பொம்மையைக் காட்டி ஒரு ஊர் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்த்தது. இதைப் படித்தபோது நமக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

நம் பக்கம் வருவோம். சோளமும் கம்பும் பால் பிடிக்கிற நாட்களில், மக்காச்சோளம் முற்றுகிற நாட்களில், "ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு காட்டப் பாத்துக்கோ கண்ணு" என்று சொல்கிற வீடு இன்னும் இருக்கிறது. சொல்லப்படுவது பெரும்பாலும் மகளிடம்தான், மகனிடம் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் 6 வயதிலிருந்து 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி சட்டப்படியான உரிமை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ல் கொண்டுவந்த திருத்தப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை சொந்தக் குடும்பத்துக்கு உதவுவதுகூட பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும்தான், அதுவும் ஆபத்தில்லாத வேலையில்தான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வாரம் விட்ட கணக்குப் பாடம் பிறகு பிடிபடுவதில்லை. அப்படித்தான் பிள்ளை மெல்ல மெல்லப் படிப்பை விட்டு நகர்கிறாள். நாம் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்!

பள்ளிக்கூடத்தில் பொம்மைகள் உட்கார்ந்திருக்கிற ஊர்

இன்னொரு ஊரின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். இது சந்தோஷமான கதை இல்லை.

ஜப்பானில் ஷிகோகு தீவில், இயா என்ற மலைப் பள்ளத்தாக்கில் நகோரோ என்று ஒரு கிராமம். ஒரு காலத்தில் அங்கே சுமார் 300 பேர் இருந்தார்கள். கெட்டில்வெல் அளவுதான். பிழைப்புத் தேடி இளவட்டங்கள் நகரத்துக்குப் போக, கிழவர்களும் கிழவிகளும் மட்டும் மிஞ்சினார்கள். சுகிமி அயானோ என்ற பெண்மணி, ஒசாகா நகரத்தில் வாழ்ந்தவர், வயதான தந்தையைப் பார்த்துக்கொள்ள 2000களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். விதைத்த விதையைப் பறவைகள் கிளறித் தின்றதால் வயலில் ஒரு பொம்மை வைத்தார். அதைத் தன் தந்தை சாயலில் செய்துவிட்டார். அக்கம்பக்கத்தார் அவர்தான் நிற்கிறார் என்று நினைத்து வணக்கம் சொல்லிப் போனார்களாம்!

பிறகு ஊரில் யார் இறந்தாலும், யார் ஊரை விட்டுப் போனாலும் அவர் சாயலில் ஒரு பொம்மை செய்ய ஆரம்பித்தார். நூற்றுக்கணக்கில் செய்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் பொம்மை, மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருக்கும் பொம்மை. 2012ல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. கடைசியாக இருந்தது இரண்டே பிள்ளைகள். அவர்கள் இருவரின் பொம்மைகளும் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கின்றன, எதிரே ஒரு வாத்தியார் பொம்மை. ஊரில் மனிதர்கள் 30 பேருக்கும் கீழே வந்துவிட்ட பிறகு, அந்தப் பொம்மைகளைப் பார்க்க உலகத்தின் பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இரண்டு ஊரிலும் பொம்மை ஒன்றுதான், வைக்கோலும் பழைய துணியும். நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இன்று எத்தனை பிள்ளைகள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் இந்த வாரமே போய்த் தலைமை ஆசிரியரிடம் விசாரித்து வாருங்கள்.

நம் ஊரில் எப்படி நடத்துவது?

நம் ஊருக்கு யாரும் கார் எடுத்துக்கொண்டு பொம்மை பார்க்க வரப்போவதில்லை. அதனால் அப்படியே காப்பியடிக்க முடியாது. நமக்கு வேறு ஒரு வசதி இருக்கிறது. அவர்களுக்குப் பொம்மை வேடிக்கைப் பொருளாகிவிட்டது. நமக்கு அது இன்னும் காட்டில் வேலை செய்கிறது. ஆகவே பொம்மையை மேடையில் நிறுத்தி மார்க் போடாமல் காட்டில் நிறுத்தி மார்க் போடலாம்.

காலம் தானாகவே அமைந்திருக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரிச் சோளம் மார்கழியில் பால் பிடிக்கும். மார்கழி நடுவில் பொம்மைகளை நட்டு, பத்து நாள் கழித்து நடுவர்கள் பார்த்து, காணும் பொங்கல் அன்று விளையாட்டு விழாவோடு சேர்த்துப் பெயர் அறிவிக்கலாம். நெல் மட்டும் விளைகிற ஊராக இருந்தால் விதைப்புக் காலத்திலோ கதிர் முற்றும் காலத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் வெள்ளாமை உங்களுக்குத்தான் தெரியும்.

யார் கலந்துகொள்வது என்பதில் கவனம் வேண்டும். "காடு உள்ளவங்கதான் வரணும்" என்று வைத்தால் நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். நிலம் இல்லாத உறுப்பினர் பொம்மை செய்வார், நிலம் உள்ளவர் இடம் கொடுப்பார், இருவர் பெயரும் சேர்த்து எழுதப்படும் என்று விதி போடுங்கள். ஜோடியை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் ஒரே தெருக்காரர்கள் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால் மேலத்தெருவும் கீழத்தெருவும் கலக்கும். இது சில ஊர்களில் லேசான காரியம் இல்லை என்று தெரியும். குலுக்கல் முறையைப் போட்டிக்கு ஆள் சேர்க்கும் முன்பே தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பெயர் வந்த பிறகு விதியை மாற்றப் போனால் சண்டைதான் மிஞ்சும்.

மார்க் போடுவதற்கு ஒரு வழி சொல்கிறோம். பொம்மையைச் சுற்றி உள்ள 20 கதிர்களில் கலர் நூல் கட்டிவிடுங்கள். பத்து நாள் கழித்து அந்த 20ல் பறவை கொத்தியவை எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணிக்கை எல்லோர் கண் முன்னும் நடப்பதால் நடுவர் மேல் பழி வராது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. மரத்தை ஒட்டிய காட்டில் பறவை அதிகம் இறங்கும், நடுக்காட்டில் குறைவு. அது பொம்மையின் தப்பு இல்லை. அதனால் கதிர் எண்ணிக்கைக்குப் பாதி மார்க், செய்த விதத்துக்குப் பாதி மார்க் என்று வைப்பது நியாயம். காசு கொடுத்து வாங்கிய சாமான் எதுவும் பொம்மையில் இருக்கக் கூடாது என்பதும் விதியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வசதி உள்ளவர் ஜரிகைச் சேலை கட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார்.

விடுகதைத் தாளை நாமும் வைக்கலாம். விடுகதை நமக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒவ்வொரு பொம்மைக்கும் ஒன்றை அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, தாளை வாங்கிய பிள்ளைகள் காடு காடாகப் போய் விடை எழுதி வரட்டும். "மழையில நனைவான், வெயில்ல காய்வான், மாசச் சம்பளம் மட்டும் கேக்க மாட்டான்" என்று நாமே ஒன்று கட்டிப் பார்த்தோம். உங்கள் ஊர்ப் பாட்டிமார் இதைவிட நன்றாகக் கட்டுவார்கள். பிள்ளைகள் பயிரை மிதிக்காமல் வரப்பில் மட்டும் போகவும், கிணற்றோரம் போகாமல் இருக்கவும் குழுவுக்கு இரண்டு பேர் கூடப் போக வேண்டும். தடுப்புச் சுவர் இல்லாத கிணறு உள்ள காட்டை வழியிலேயே சேர்க்காதீர்கள்.

பறவை ஏமாறுமா?

ஏமாறும், ஆனால் கொஞ்ச நாளுக்குத்தான். ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிற்கிற பொம்மை ஆபத்தில்லை என்று பறவை சில நாளிலேயே தெரிந்துகொள்கிறது. பிறகு அதன் தலை மேலேயே உட்காரும். பார்த்திருப்பீர்கள்.

அதனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், சட்டையை மாற்ற வேண்டும். கை தொளதொள என்று இருந்து காற்றில் ஆட வேண்டும். சவுக்குக் கம்பு இரண்டைக் குறுக்காகக் கட்டி, வைக்கோல் திணித்து, தலைக்குப் பழைய கரிச்சட்டியைக் கவிழ்த்துச் சுண்ணாம்புப் புள்ளி வைப்பது நம் பெரியவர்கள் செய்தது. பயிர் வளர வளரப் பொம்மையை உயர்த்திக் கட்டாவிட்டால் கதிருக்குள் மறைந்துவிடும். பறவை இறங்கி ருசி கண்டுவிட்ட பிறகு வைப்பதைவிட, பால் பிடிக்கத் தொடங்கும்போதே வைப்பது பலன் தரும். அறுவடை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வருடம் முழுக்க நின்றால் பறவைக்கு அது ஒரு மரம் மாதிரிதான்.

பறவை அதிகம் மேய்வது விடிகாலையிலும் மாலையிலும். அந்த இரண்டு வேளையும் பெரியவர் ஒருவர் போய் தகரம் தட்டிவிட்டு வந்தால் பொம்மைக்கும் பலம். மினுமினுக்கும் ரிப்பனைக் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே கட்டினால் வெயிலில் பளபளத்துச் சத்தமும் போடும். அறுவடைக்குப் பின் அதைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், மாடு தின்றுவிடும். காட்டுப் பன்றிக்கு இதெல்லாம் ஆகாது. அது இருட்டில் மோப்பம் பிடித்து வருவது.

மயில் தொல்லை பற்றிக் கேட்காத கூட்டமே இல்லை. பொம்மைக்கு மயில் சீக்கிரமே பழகிவிடுகிறது என்பது உண்மை. அதற்காக விஷம் வைத்த தானியம் போடுவது 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பெரிய குற்றம், ஜெயில் உண்டு. அந்தத் தானியத்தைத் தின்று நம் வீட்டுக் கோழியும் சாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாப் பறவையும் எந்நேரமும் எதிரி இல்லை. நிலக்கடலை, பருத்தி, துவரையில் புழு விழுகிற காலத்தில் கரிச்சானும் மைனாவும் வந்து புழுவைப் பொறுக்கித் தின்னட்டும் என்று, அவை உட்காரக் குறுக்குக் கம்பு நடச் சொல்கிறது வேளாண்மைத் துறை. அதே இரண்டு கம்புதான்! சட்டை போட்டால் விரட்டும், போடாவிட்டால் அழைக்கும். சோளம், சூரியகாந்தி போன்றவற்றில் மணி பிடிக்கும்போது அந்த இருக்கைக் கம்பைப் பிடுங்கிவிட வேண்டும்.

கணக்கு

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 40 ஜோடிகள், ஜோடிக்கு 20 ரூபாய் நுழைவுக் கட்டணம் என்றால் 800 ரூபாய். விடுகதைத் தாள் 10 ரூபாய் வீதம் 150 தாள் விற்றால் 1,500. சுண்டல், டீ விற்பனை 2,400 என்று வைத்துக்கொள்வோம். மொத்த வரவு 4,700 ரூபாய். செலவில் தாள் ஜெராக்ஸ் 300, சுண்டல் டீ சாமான் 1,300, மைக் செட் 700, பரிசுக் கிண்ணங்கள் 600. ஆக 2,900. மீதி 1,800 ரூபாய். பொம்மைக்கு ஒரு பைசா செலவு இல்லை என்பதைப் பாருங்கள். மைக் செட் வேண்டாம், தண்டோரா போதும் என்றால் மீதி 2,500.

இது பெரிய தொகை இல்லைதான். ஆனால் கடன் இல்லாத, வட்டி இல்லாத, யாருக்கும் திருப்பித் தர வேண்டாத பணம். இதை எதற்குச் செலவிடப் போகிறோம் என்று போட்டிக்கு முன்பே முடிவு செய்து ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். "பள்ளிக்கூடத்துக்கு" என்று சொன்னால் தாள் விற்பதும் சுலபம், சுண்டலுக்குச் சில்லறை திருப்பிக் கேட்பவர்களும் குறைவு. பணமாகக் கொடுக்காமல் பொருளாக வாங்கி, பில்லோடு பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒப்படையுங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு. நம் உறுப்பினர்கள் பலர் பெயரளவில் அதில் இருக்கிறார்கள். என்ன தேவை என்று அவர்கள் கேட்டு வரட்டும், அந்தச் சாக்கிலாவது கூட்டத்துக்குப் போன மாதிரி இருக்கும்.

ரொக்கப் புத்தகத்தில் இதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். குழுச் சேமிப்போடும் உள்கடன் வட்டியோடும் கலக்கக் கூடாது. தாளுக்கு வரிசை எண் போட்டால் எத்தனை விற்றது, எத்தனை மீதி என்று யாரும் சரிபார்க்கலாம். போட்டி முடிந்த மறுவாரக் கூட்டத்தில் வரவு செலவை வாசித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு நகல் ஒட்டுங்கள்.

கூட்டத்தில் பேச

உங்கள் ஊரில் பயிர் காக்க இப்போது யார் போகிறார்கள்? பள்ளிப் பிள்ளை யாராவது போகிறாளா? நிலம் இல்லாத உறுப்பினர்கள் கலந்துகொள்ள வேறு என்ன வழி? நடுவராக யாரைக் கூப்பிடலாம்? உள்ளூர்க்காரரா, பக்கத்து ஊராட்சிக் கூட்டமைப்பிலிருந்தா? நமக்குப் பக்கத்து ஊர்தான் சரியென்று படுகிறது.

போட்டி முடிந்ததும் பொம்மைகளைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். பின்பட்டமாக விதைத்தவர்கள் காடு தை கடைசி வரை பச்சையாக இருக்கும். யாருக்கு வேண்டும் என்று கேட்டு இரவலாகக் கொடுங்கள், நோட்டில் எழுதிக்கொண்டுதான். சட்டையை மட்டும் துவைத்துக் காயவைத்து மூட்டையாகக் கட்டி ஊக்குநர் வீட்டுப் பரணில் போட்டு வையுங்கள், அடுத்த மார்கழிக்கு ஆகும்.